நாலாம் மேசையின் இருபத்துமூன்று டேப்கள்

"இன்னா பாப்பா, உங்க வூட்ல மொதமொத படிச்சது நீதானாமே? அதான் எல்லாத்தையும் பரீட்சை பேப்பராட்டம் பாத்துகினு கீற. இந்த மிஷினு உன்னாண்ட மார்க் வாங்க வரல."

நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் நாலாம் மேசைக்காரர் சொன்னது இது. ஹாலில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் ராயபுரத்து அலுவலகத்திலிருந்து காசிமேட்டு வீட்டுக்கு நடந்து போகும்போது அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனேன். என் அம்மா மீன்கூடை சுமந்தவள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். அதை ஒருவர் வேடிக்கையாகச் சொன்னாலும் எனக்குச் சுட்டது.

சிஸ்டம் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் ஆறு வருடம் உட்கார்ந்த நாற்காலியை உங்களிடம் விட்டுவிட்டேன். பாஸ்வேர்டுகள், எந்த வயர் எங்கே போகிறது, எந்த பிரிண்டர் அடம் பிடிக்கும் என்பதெல்லாம் பச்சை ஃபைலில் இருக்கிறது. அதில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நம் அலுவலகத்தின் வேலை உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அத்திப்பட்டு யார்டில் சீல் வைத்த கன்டெய்னர்களைத் துறைமுகத்துக்குள் அனுப்பி, கப்பல் சரக்கு வாங்குவதை நிறுத்திக் கணக்கை மூடுவதற்குள் சேர்க்க வேண்டும். டிரைவர்கள் கன்டெய்னரைப் பொட்டி என்பார்கள். ஒவ்வொரு பொட்டிக்கும் நம் ஹாலில் இருக்கும் ஆறு மேசைகளில் ஏதோ ஒன்றிலிருந்து ஆன்லைனில் படிவம் போட்டு டோக்கன் எடுக்கிறார்கள். அதன்பிறகு அந்தப் பொட்டியை ஏற்றிய டிரெய்லர் எண்ணூர் சாலை வரிசையில் நிற்கும். பெரும்பாலும் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள், இரண்டு நாள்.

நாலாம் மேசைக்காரருக்கு அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தது. முன்பு யார்டில் பொட்டிகளைக் கட்டும் வேலையில் இருந்தவர். ஒருநாள் பொட்டியின் மூலை அவருடைய வலது பாதத்தின் மேல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. அதனால்தான் அவரை மாடிக்கு அழைத்து மேசை கொடுத்தார்கள். கம்ப்யூட்டரை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். அந்த நாற்காலி அவருக்கு வெறும் நாற்காலி இல்லை. இது எனக்கும் தெரியும். இதைப் பின்னால் நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பொட்டி யார்டை விட்டுக் கிளம்பியதும் அதன் படிவத்தைப் பிரவுசரில் ஒரு தனி டேப்பில் திறப்பார். அந்தப் பொட்டி துறைமுக கேட்டைத் தாண்டும்வரை அதை மூட மாட்டார். டிரைவர் போன் செய்து "உள்ள பூந்துட்டேன் நைனா" என்று சொன்ன பிறகுதான், "சரி, மூடிக்கிறேன்" என்று சொல்லி அந்த டேப்பை மூடிவிட்டு மேசையில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். காலை பதினோரு மணிக்கு அவர் திரையின் மேல்பக்கத்தில் டேப்கள் மத்தி மீனை அடுக்கியதுபோல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மற்ற ஐந்து பேரும் இப்படிச் செய்வதில்லை. வரிசையில் நிற்கும் எல்லா வண்டிகளையும் காட்டும் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே பார்த்துக்கொள்வார்கள். அவர் வழக்கத்தை நான் சகுனம் பார்க்கும் விஷயம் என்று நினைத்தேன். தட்டு வேறு தட்டுகிறாரே.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் மிஷின்கள் ஹேங் ஆக ஆரம்பித்தன. சில நாள் நன்றாக ஓடும். பிறகு ஒருநாள் மதியம் திரையில் வட்டம் சுற்றும். படிவம் போகாது. கப்பல் நான்கு மணிக்குக் கணக்கை மூடும் நாளில் மூன்று மணிக்கு வட்டம் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் இரண்டு கப்பல்களுக்குப் பொட்டிகள் போய்ச் சேரவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சிஸ்டம் ரூமில் இருந்த நல்ல மிஷினில் மூன்று பிரவுசர்களைப் போட்டேன். அவற்றின் பெயர்கள் வேண்டாம், அடுத்த வருடம் அவையே மாறிவிடும். எல்லாரும் பயன்படுத்தும் பெரியது ஒன்று, மிஷினோடு வந்தது ஒன்று, நான் இறக்கிய சிறியது ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே ஐந்து பக்கங்களைத் திறந்து, பத்து நிமிடம் விட்டு, எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று குறித்தேன். சிறியதுதான் மிகக் குறைவாக எடுத்தது. அட்டவணை அழகாக வந்தது. அது எதையும் நிரூபிக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் ஹேங் ஆகிற மிஷின் நம்மிடம் ஒன்றுகூட இல்லை.

அன்று சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். அவர் தூத்துக்குடிக்காரர், சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

"என்னம்மா, நாளைக்கு மொதலாளி வாராரு. அவர்ட்ட நான் என்ன சொல்ல? மிஷினுக்கு மூச்சு வாங்குதுன்னா சொல்ல முடியும்?"

"இன்னும் ரெண்டு நாள் பாக்கணும் சார்."

"ரெண்டு நாள்ல ரெண்டு கப்பல் போயிரும்லா. கைல என்ன இருக்கோ அதக் குடு."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு சாயங்காலம் வரும். மேனேஜர் மோசமானவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒரு கப்பல். "இன்னும் தெரியவில்லை" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருக்கலாம். திட்டு விழுந்திருக்கும். ஆனால் தெரியவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

அட்டவணை சின்னதாக இருக்கிறதே என்று அன்று காலை பதினோரு மணிக்கு ஹாலில் ஒரு சுற்றுப் போய் எடுத்த எண்களையும் கீழே சேர்த்தேன். எந்த மேசை எவ்வளவு மெமரி எடுக்கிறது என்ற ஆறு வரிகள். நாலாம் மேசை மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்த வரியைச் சிவப்பாக்கினேன். பக்கத்தில், "இருபத்துமூன்று டேப்கள். தேவையில்லாமல் திறந்து வைக்கும் பழக்கம்" என்று எழுதினேன். அதை எழுதும்போது முதல் வாரத்துச் சிரிப்பு என் நினைவில் இல்லை என்று சொன்னால் பொய்.

மறுநாள் முதலாளி முன்னால் மேனேஜர் அந்தச் சிவப்பு வரியில் விரல் வைத்தார்.

"எல்லாருக்கும் உள்ளத இந்த ஒரு ஆளு அடைச்சு வச்சிருக்காரு சார். அதான் மத்த மிஷினும் ஓட மாட்டேங்கு."

ஒரு மிஷினின் மெமரியை இன்னொரு மிஷின் எடுத்துக்கொள்ள முடியாது. கல்லூரியில் முதல் வருடமே இது எனக்குத் தெரியும். வாயைத் திறந்து "அப்படி இல்ல சார்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முதலாளி என்னைப் பார்த்து, "நீதான் கண்டுபிடிச்சியாம்மா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

இன்னொன்றும் இருந்தது. ஹேங் ஆகிறது என்று புகார் வந்தது ஐந்து மேசைகளிலிருந்துதான். நாலாம் மேசையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அவருக்குப் புகார் சொல்லத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அவரை அத்திப்பட்டு யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டில் நின்று ஒவ்வொரு பொட்டியின் சீல் எண்ணையும் வண்டி எண்ணையும் சரிபார்க்கும் வேலை. போவதற்கு முன்னால் சிஸ்டம் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"எம்பேர்ல செவப்பு அடிச்சிட்டியாமே பாப்பா."

"பேர் போடலண்ணா. மேசை நம்பர்தான் போட்டேன்."

"அந்த மேசைல வேற எவன் குந்திகினு கீறான்?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் வலித்ததும் போய்விட்டார்.

ஆறு மிஷின்களிலும் சிறிய பிரவுசரைப் போட்டேன். "டோக்கன் எடுத்தவுடன் டேப்பை மூடவும்" என்று அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். ஒரு வாரம் எல்லாம் நன்றாக ஓடியது. கேக் வாங்கி வெட்டினார்கள், முதல் துண்டை எனக்குக் கொடுத்தார்கள். புது பிரவுசர் போடும்போது எல்லா மிஷின்களையும் ஒருமுறை அணைத்துத் திறந்தேன் என்பதும், அந்த ஒரு வாரம் ஓடியது அதனால்தான் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

எட்டாம் நாள் மதியம் வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. நாலாம் மேசைக்கு மாற்றப்பட்டிருந்த பையனிடம் மூன்று டேப்தான் இருந்தது. அவனுக்கும் சுற்றியது.

அதே நாள் நாலாம் மேசைக்கு ஒரு போன். அவன் எழுந்து போயிருந்ததால் நான் எடுத்தேன்.

"நைனா இல்லியா?" என்று ஒரு டிரைவர் கேட்டார். வரிசையில் நிற்கும்போது அவர் டிரெய்லரின் அச்சு உடைந்துவிட்டது. பொட்டியை இன்னொரு டிரெய்லருக்கு மாற்றிவிட்டார்கள். டோக்கனில் வண்டி எண்ணை மாற்றிக் கொடுத்தால் போதும்.

நான் அந்தப் பொட்டியைத் தேடினேன். எங்கும் இல்லை. டோக்கன் எடுத்தவுடனே அந்தப் பையன் டேப்பை மூடியிருந்தான், சுவரில் ஒட்டியிருந்தபடி. மூடாமல் இருந்திருந்தால் அதிலேயே எண்ணைத் திருத்தலாம். மூடிவிட்டால் அந்தத் தளம் பழைய படிவத்துக்குள் மறுபடி விடாது. புது டோக்கன்தான். புது டோக்கன் என்றால் வரிசையின் கடைசி.

"ஒன்ற நாளா நின்னுகினு வந்தேம்மா" என்றார் டிரைவர். "கேட்டு கண்ணுக்குத் தெரியுது. இப்ப வால்ல போய் நில்லுன்றியா?"

"வேற வழி இல்லண்ணா."

"நைனா இருந்தா இது ஒரு நிமிசம்மா. அவரு பொட்டிய மறக்கவே மாட்டாரு." போனை வைத்துவிட்டார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த டேப்கள் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஹாலில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் அது முன்பே தெரியும். வண்டி மாறும் என்று சந்தேகம் இருந்தால் அந்தப் பொட்டியை அவரிடமே கொடுத்துவிடுவார்களாம். நான் யாரையும் கேட்கவில்லை, அவர்களாக வந்து எனக்குச் சொல்லவும் இல்லை. சிவப்புப் பேனா வைத்திருப்பவளிடம் யார் வந்து சொல்வார்கள்?

மறுநாள் காலை பத்து மணிக்கு நாலாம் மேசை பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிவரை எழுந்திருக்கவில்லை. கால் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு டேப்பும் எவ்வளவு எடுக்கிறது என்று தாளில் எழுதினேன். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. வரிசையில் நிற்கும் வண்டிகளைக் காட்டும் அந்த ஒற்றைப் பக்கம் சில நொடிகளுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெமரி எடுக்கிறது, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஐந்து மேசைகளிலும் அதை நாள்கணக்கில் மூடாமல் வைத்திருந்தார்கள். மூன்று பிரவுசரிலும் ஒரு முழு நாள் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஏறியது. என் அட்டவணையில் முதலிடம் வாங்கிய சிறியதில்தான் வேகமாக ஏறியது.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். அது அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு மிஷினின் மெமரியையும் ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டே இருக்கும். எழுதியதோடு சரி, ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அன்று திறந்தேன். ஐந்து மேசைகளின் கோடும் மிஷினை அணைத்துத் திறந்த நாளில் கிளம்பி, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிருந்தது. நாலாம் மேசையின் கோடு மட்டும் காலையில் ஏறி, பதினோரு மணிக்கு உச்சிக்குப் போய், சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் இறங்கியிருந்தது. தினமும் அப்படித்தான். பொட்டி உள்ளே போகப் போக ஒவ்வொரு டேப்பாக அவர் மூடியிருக்கிறார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்த மிஷின் அந்த அலுவலகத்தில் அது ஒன்றுதான். நான் அதைச் சரியாகப் பதினோரு மணிக்கு, மற்ற ஐந்தையும் அணைத்துத் திறந்திருந்த ஒரு காலையில், போய் அளந்து சிவப்பு அடித்திருக்கிறேன்.

அத்திப்பட்டுக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில், நிழல் இல்லாத இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரிலும் இலைகளிலும் சட்டையிலும் பக்கத்து அனல்மின் நிலையத்தின் சாம்பல் தூசி. வலது காலில் ஷூ இல்லை. பாதத்தைத் துணியால் சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்.

"கால் வீங்கிகிச்சு. ஷூவுல போவ மாட்டேன்து. உள்ள புண்ணு வேற" என்றார், நான் கேட்காமலே.

தாளை எடுத்துக் காட்டினேன். பக்கம், கோடு, பதினோரு மணி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. வந்துகொண்டிருந்த வண்டியைப் பார்த்தார்.

"இப்ப இன்னா மார்க்கு?"

"ஃபெயில்ண்ணா."

"ஃபெயிலு ஆனது நீ. நின்னுகினு கீறது நானு."

வண்டி வந்துவிட்டது. அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு போய்ச் சீலைக் குனிந்து பார்த்தார். திரும்பி வரும்வரை நான் காத்திருந்தேன். வந்தவர் அடுத்த வண்டியின் எண்ணைக் குறிக்கத் தொடங்கினார்.

மேனேஜரிடம் புது அட்டவணையைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் பெரிதாக, முன்பு கொடுத்த அட்டவணை தவறு என்றும், நாலாம் மேசையின் மேல் சொன்னது பொய் என்றும், அது பொய் என்று எனக்கு அன்றே தெரியும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"தப்பு யாருக்கும் வரும்மா. மொதலாளிகிட்ட நான் சொல்லுதேன். ஆனா யார்டுல ஒரு ஆளு வேணும்லா? முன்ன இருந்தவன் போயிட்டான். அங்க நிக்க ஒரு ஆளக் கொண்டா, இவர மேல கூட்டிக்கலாம்."

ஹாலில் கேட்டேன். யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான்கு நாள் கழித்து என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டே, "கூடை தூக்கவாணாம்னுதானே படிக்க வெச்சேன்? கரித்தூசில போய் நிக்கவா?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தாளு கால் சரியாவுமா?" என்றாள். தெரியாது என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதே அநேகமாக அதுதான் முதல் தடவை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எந்த பிரவுசர் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று உங்களிடமும் கேட்பார்கள். எத்தனை மணி நேரம், யார் கையில், என்ன வேலைக்கு என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். ஒரு தடவை எடுத்த எண்ணை எவர் பெயருக்குப் பக்கத்திலும் எழுதாதீர்கள். புகார் வராத மேசைக்கு முதலில் போங்கள். உங்கள் அட்டவணையை ஒருவர் உங்கள் கண் முன்னால் தப்பாகப் படித்தால், அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு எப்போது சொன்னாலும் தாமதம்தான். நாலாம் மேசைக்காரரின் புண் இன்னும் ஆறவில்லை. முன்பு நொண்டினாலும் தானாக நடந்தவர், இப்போது கம்பு ஊன்றித்தான் மாடி ஏறுகிறார்.

சுவரில் ஒட்டியிருந்ததை நான் கிழித்துவிட்டேன். பழைய அட்டவணை மட்டும் பச்சை ஃபைலில் முதல் தாளாக இருக்கிறது. அதை எடுத்துவிடாதீர்கள்.

நான் யார்டில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் முதல் பொட்டி கிளம்பும்போது நாலாம் மேசைக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார்.

"வண்டி கெளம்புதுண்ணா. தொறந்துக்கோங்க" என்று சொல்லி, வண்டி எண்ணையும் சீல் எண்ணையும் தாளைப் பார்த்துப் படித்தேன். அந்தப் பக்கம் விசைப்பலகை சத்தம் கேட்கவில்லை.

"தாளப் பாத்து சொல்றியா, பொட்டியப் பாத்து சொல்றியா?"

"தாளப் பாத்துண்ணா."

"பொட்டியப் பாத்து சொல்லு."

டிரைவரைக் கை காட்டி நிறுத்தினேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே வண்டியின் பின்பக்கம் நடந்து போய், சீலின் மேல் இருந்த தூசியை விரலால் துடைத்து, ஒவ்வொரு எண்ணாக மறுபடி சொன்னேன்.